சென்னப்பட்டினத்தில் ஒரு மனை

தருவை என்ற சொல்லை எங்கள் கடற்கரைக்கு அப்பால் வாழ்வோர் பலர் அறியார். மழைக்காலத்தில் தண்ணீர் வந்து தங்கி, கோடையில் வற்றி வெடித்துக் கிடக்கும் தாழ்ந்த நிலத்துக்குத் தென்பாண்டிச் சீமையில் வழங்கும் பெயர் அது. உடன்குடி, சாத்தான்குளம் பக்கங்களில் செம்மணல் தேரிகளை அடுத்து வைரவம் தருவை, புத்தன்தருவை என்று பெயர் சொல்லி அழைக்கும் இடங்கள் இன்றும் உண்டு. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைக் கடந்ததும் வரும் எங்கள் ஊரின் பெயரிலோ தருவையும் இருக்கிறது, குளமும் இருக்கிறது. தருவைகுளம் என்று சொல்லும்போதெல்லாம், 'இங்கே நீர் தங்கும், மறவாதே' என்று முன்னோர் நம் காதில் ஓதிவிட்டுப் போனதாகவே எனக்குத் தோன்றும்.

அப்பெயரை வைத்தவர்கள் ஏடு படித்தவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. நிலத்தின் குணத்தைக் கண்டு, அதைப் பெயருக்குள் பொதிந்து, பின்வரும் மக்களுக்கு அமானிதமாக விட்டுச் சென்றார்கள். அரபு மொழியிலும் இவ்வழக்கம் உண்டு. கடற்கரையை 'ஸாஹில்' என்பார்கள். அச்சொல்லின் வேர் தேய்த்தலையும் சுரண்டுதலையும் குறிப்பது. கடல்நீர் ஓயாது தேய்ப்பதனால் கரைக்கு அப்பெயர் வந்தது என்று அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். நம் சோழமண்டலக் கரையை அரபு நாட்டுப் பயணிகள் 'மஃபர்' என்றனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். அரபும் தமிழும் பாடம் சொல்லியே காலம் கழித்தவனாதலால், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அவ்வூரின் பெயரை எண்ணிப் பார்த்து, பிறகு நிலத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை நம்பித்தான் 2023 பிப்ரவரியில் என் மகன் என்னைச் சென்னைக்கு அழைத்தான். அங்கே நான் கற்றதையும், அங்கே நான் தவறவிட்ட ஒரு கடமையையும் வாசகர்கள் முன் வைப்பதற்காக இதனை எழுதுகிறேன்.

மகன் சென்னையில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில், வெயில் எட்டிப் பார்க்காத இரண்டு அறைகளில், மனைவி மக்களோடு வாடகைக்குக் குடியிருந்தான். ஒருநாள் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் தொலைபேசியில் அழைத்தான். "வாப்பா, தெற்கே ஒரு மனை விலைக்கு வருகிறது. எங்கள் சம்பளத்துக்கு எட்டும் விலை. அடுத்த மாதம் முன்பணம் கட்ட வேண்டும். நீங்கள் வந்து ஒருமுறை பார்த்துவிட்டால் எனக்கு மனம் நிறையும்" என்றான். அருகிலிருந்த என் மனைவி ஒன்றும் பேசவில்லை. காதிலும் கையிலும் கிடந்ததை அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டதை மட்டும் நான் கண்டேன். முன்பணம் எதிலிருந்து வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

சென்னை சேர்ந்த மறுநாள் வாலாஜாப் பள்ளிவாசலில் சுப்ஹுத் தொழுதேன். ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலீ வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய பள்ளி அது. பரந்த முற்றமும் கருங்கல் தூண்களுமாக அமைதி தவழும் இடம். தொழுகை முடிந்ததும் கிழக்கு நோக்கி நடந்து கடற்கரைக்குப் போனேன். எங்கள் ஊரைப் போலவே அங்கும் கதிரவன் கடலிலிருந்தே எழுகிறான். ஆனால் இரண்டு கடல்களும் ஒன்றல்ல.

எங்களது மன்னார் வளைகுடா. எதிரே இலங்கை மதிலாக நிற்கிறது. கரைக்கும் ஆழ்கடலுக்கும் இடையே 21 தீவுகள் என்று பெயர் பெற்ற பவளத் தீவுக்கூட்டம் காவல் இருந்தது. அவற்றில் சில இப்போது நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. அந்தக் காவலால் எங்கள் அலைகள் பெரும்பாலும் அடங்கி வரும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது மெரினாவிலும் நாகையிலும் பட்ட துயரம் எங்கள் கரையில் அந்த அளவுக்கு நேராமற் போனதற்கு இலங்கைத் தீவு நடுவே கிடந்ததும் ஒரு காரணம். சென்னைக்கு எதிரே அப்படி ஒரு தீவும் இல்லை. ஒரு திட்டும் இல்லை. வங்காள விரிகுடா முழுவதும் திறந்து கிடக்கிறது. புயலுக்கும் அலைக்கும் தடுப்பில்லாத நேர்கோட்டுக் கரை அது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு துறைமுகப்பட்டினம் ஏன் எழுந்தது என்பதே வியப்பு. 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பார் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் இந்த மணற்றிட்டைப் பெற்றபோது இங்கே கப்பல் ஒதுங்க ஓர் ஒதுக்கிடம் இருக்கவில்லை. தெற்கே கூவமும் மேற்கே எழும்பூர் ஆறும் சூழ்ந்திருந்ததால் கோட்டைக்குக் காவல் கிடைத்தது. சுற்றுப்புறத்தில் துணி மலிவாகக் கிடைத்தது. கம்பெனியாருக்கு அவ்வளவு போதும். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் அலைகளைக் கடந்து கரையேற வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையின் மோதலில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். வளைந்து கொடுப்பவனே இக்கரையில் பிழைப்பான் என்பதை அந்நாளைய படகோட்டிகள் அறிந்திருந்தார்கள்.

பின்னர் வந்தவர்கள் வளைந்து கொடுக்க விரும்பவில்லை. 1875இல் கடலுக்குள் கல் அணை கட்டித் துறைமுகம் அமைக்கத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வீசிய புயல் கட்டியதில் பெரும்பகுதியைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். அதன் வழியில் அணை குறுக்கிட்டது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து கடல் பின்வாங்கியது. நாம் மாலையில் காற்று வாங்கப் போகும் மெரினாவின் பரந்த மணல்வெளி பெரும்பாலும் அவ்வாறு சேர்ந்ததே. அங்குள்ள உலாச்சாலையை ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் அமைத்தார். அதே அணையால் வடக்கே போகவேண்டிய மணல் போகாமல் நின்றது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. மீனவர் குடியிருப்புகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. இன்று அங்கே கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே கருங்கற் குவியல்கள் கிடக்கின்றன. ஸாஹில் என்ற சொல்லின் பொருளை நான் அகராதியில் படித்தேன். ராயபுரத்தார் அதைத் தம் வாசலில் படித்தார்கள்.

மெரினாவில் நின்றபடி, இந்தப் பெருநகரின் உடலமைப்பை மகன் தந்த வரைபடத்தில் பார்த்தேன். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில், கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர் உயரத்தில், தாம்பாளம் போலத் தட்டையாகக் கிடக்கும் நிலம். தெற்கே பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் விதிவிலக்கு. இத்தட்டை நிலத்தின் குறுக்கே மூன்று ஆறுகள் கிழக்கு நோக்கி வருகின்றன. வடக்கே கொசஸ்தலையாறு எண்ணூரிலும், நடுவே கூவம் நேப்பியர் பாலத்தருகிலும், தெற்கே அடையாறு பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலும் கடலைத் தொடுகின்றன. இம்மூன்றையும் வெட்டிக்கொண்டு, கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடுகிறது பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, 1877-78 பெரும் பஞ்சத்தின்போது பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்து வெட்டியது. ஒருகாலத்தில் உப்பும் விறகும் தோணிகளில் ஏற்றி வந்த அந்நீர்வழி, இப்போது பல இடங்களில் பறக்கும் ரயிலின் தூண்களைச் சுமந்து நிற்கிறது.

நிலம் தட்டையாக இருப்பதால் நீருக்கு அவசரம் இல்லை. அது மெல்லத்தான் நடக்கும். வழியில் தங்கித் தங்கித்தான் கடல் சேரும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில், வாடைக் காற்றோடு வரும் வடகிழக்குப் பருவமழையில், சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மூன்று மாதத்தில் வருவதைப் பன்னிரண்டு மாதம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பழங்காலத்தார் செங்கல்பட்டுச் சீமை முழுவதும் ஏரி வெட்டினார்கள். ஓர் ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்கு நீர் போகும். கடைசி ஏரியின் மிச்சம் ஆற்றுக்கும் சதுப்புக்கும் போகும். செம்பரம்பாக்கமும் புழலும் சோழவரமும் அந்தக் குடும்பத்தின் பெரிய உறுப்பினர்கள். 1944இல் கட்டி முடித்த பூண்டி அவர்களோடு பின்னர் சேர்ந்தது.

ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் இது தெளிவாகும். நெய்தல் நிலத்து ஊர்களுக்குப் பட்டினம், பாக்கம் என்று பெயர் வழங்குவது பழந்தமிழ் மரபு. சென்னப்பட்டினம், சேப்பாக்கம், நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், கீழ்ப்பாக்கம் எல்லாம் அம்மரபை நினைவூட்டுகின்றன. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்ற பெயர்களில் அது நிற்கிறது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவான்மியூரும் கடலோர மணல்மேட்டின் மேல் அமைந்த பழைய ஊர்கள். மணல் மழைநீரைக் குடித்து அடியில் நன்னீராக வைத்திருக்கும்; மேலே வீடு நனையாது. முதலில் வந்தவர்கள் மேட்டைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை நீருக்கு விட்டார்கள். அந்தப் பாகப்பிரிவினை நெடுங்காலம் நிலைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் அது கலைந்தது. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் நோக்கிக் கிடந்த நீண்ட ஏரியை வற்றச் செய்து 1920களில் தியாகராய நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை இருக்கிறது. ஏரி எங்கே என்று கேட்டால் சிறுவர்கள் சிரிப்பார்கள். நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தில் வைத்த புலவருக்கு ஏரியின் மேல் நினைவு மண்டபம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அக்காலத்தில் நானும் அதைப் பார்த்து மகிழ்ந்தவன்தான்.

அன்று பிற்பகல் மகனும் நானும் மனை பார்க்கப் போனோம். வேளச்சேரிக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பின் பக்கம். தென்சென்னைப் பகுதியின் பல ஏரிகளில் மிஞ்சும் நீர் அச்சதுப்பில் வந்து கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலுக்குப் போகிறது. ஒருகாலத்தில் பரந்து கிடந்த சதுப்பு குப்பைமேட்டாலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் சுருங்கி, மிஞ்சிய பகுதி 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மனை அந்த எல்லைக்கு வெளியேதான் இருந்தது. பத்திரத்தில் குறையில்லை என்று மகன் சொன்னான். அது மாசி மாதம். வானம் தெளிந்திருந்தது, தரை உலர்ந்திருந்தது. செம்மண் கொட்டிச் சமன் செய்து, மூலைக்கு மூலை வெள்ளையடித்த கல் நட்டிருந்தார்கள்.

செம்மண்ணைக் காலால் விலக்கிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் கரிய களிமண். அதில் நத்தை ஓடுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. வேலி ஓரத்தில் கோரை முளைத்திருந்தது. பக்கத்து மனையின் மதிற்சுவரில், என் இடுப்பளவு உயரத்தில், மங்கிய பழுப்புக் கோடு ஒன்று நேராக ஓடியது. எங்கள் தருவை ஓரத்து வீடுகளில் நான் சிறுவயது முதல் கண்ட கோடு அது. எதிர்வீட்டுத் திண்ணையில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியிடம் கேட்டேன். "அது 2015இல் வந்த தண்ணீர் ஐயா. நாலு நாள் மாடியில் இருந்தோம். பள்ளிவாசல் பிள்ளைகள்தான் படகில் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள்" என்றார்.

2015ஐ யார் மறப்பார்? அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் முதல் நாளில் மீண்டும் கொட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். நிறைந்திருந்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை கொள்ளாமல் ஊருக்குள் புகுந்தது. அந்நாட்களில் சாதி மதம் பாராமல் பள்ளிவாசல்கள் கதவு திறந்ததும், நம் இளைஞர்கள் கழுத்தளவு நீரில் இறங்கியதும் நம் சமுதாயம் நினைந்து மகிழத்தக்க செய்தி. ஆனால் படகில் போய்ச் சோறு கொடுப்பது நன்மை என்றால், படகு தேவைப்படும் இடத்தில் குடியேறாதபடி ஒருவனைத் தடுப்பது அதற்கு முந்திய நன்மை அல்லவா?

விற்பவரின் ஆள் எங்களோடு வந்திருந்தார். சுவரிலிருந்த கோட்டைக் காட்டிக் கேட்டேன். "பாய், அது நூறு வருடத்துக்கு ஒரு தடவை வருகிற மழை. இனி உங்கள் ஆயுளில் வராது" என்றார். என் ஆயுளின் அளவை அவர் அறிந்திருந்தது எனக்கு வியப்பாக இருந்தது.

என் மனம் பாடசாலைக்குப் போயிற்று. நீருக்குள் இருக்கும் மீனைப் பிடிக்கும் முன்பே விற்பது கூடாது. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு வந்து சேருமா என்று உறுதியில்லாத பொருளின் வியாபாரம் அது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். நீருக்குள் இருக்கும் மனையைப் பற்றி எந்த மாணவரும் கேட்டதில்லை. ஃபிக்ஹு நூல்களில் 'மஸீல்' என்று ஓர் உரிமை பேசப்படும். உபரியான நீர் வடிந்து செல்லும் வழிக்குரிய உரிமை அது. நிலம் கைமாறினாலும் அந்த வழி மாறாது. நிலத்துக்குரியவர் அதை அடைக்க முடியாது. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் சுற்றிலும் 'ஹரீம்' என்று ஒரு காப்பெல்லை உண்டு. அதற்குள் யாரும் வந்து கட்டடம் எழுப்பித் தமதாக்கிக்கொள்ளல் ஆகாது. மழை அருகிய நாடுகளில் வாழ்ந்த இமாம்கள் வடிகாலுக்கு இத்தனை சட்டம் வகுத்தார்கள். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு மண்ணுக்கு ஆறும் மழையும் கொண்டு சேர்த்தார். நாமோ ஆறும் மழையும் உள்ள நாட்டில் அவற்றுக்கு வழி இல்லாமல் செய்துவிட்டோம்.

திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். என் எண்ணத்தைச் சொன்னேன். மகன் வெகுநேரம் கண்ணாடித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வாப்பா, மேடு எது பள்ளம் எது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேட்டில் வாங்க நம்மிடம் பணம் இல்லை. அதுதான் விஷயம். பள்ளத்தை வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், அப்படியானால் எனக்கு இந்த ஊரில் இடமே இல்லை என்று பொருள்" என்றான்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. நிலத்தின் பெயரையும் மண்ணின் நிறத்தையும் படித்துவிட்டேன் என்ற என் செருக்கு அந்தத் தேநீர்க் கடையில் கரைந்தது. மேடு பள்ளம் என்பது மண்ணின் செய்தி மட்டும் அன்று, விலையின் செய்தியும்தான். முன்பு மேட்டில் இடம் கிடைத்தது முதலில் வந்தவனுக்கு. இன்று கிடைப்பது பணம் உள்ளவனுக்கு. பிந்தி வந்த ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் மிஞ்சியது நீரின் பங்கு. அந்தப் பங்கையே அவர்கள் கடன் வாங்கி வாங்குகிறார்கள். இன்னொரு வேதனையும் உண்டு. வெள்ளம் வந்த அதே நகரம் 2019 கோடையில் குடிநீருக்குத் தவித்தது. ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நீரைத் தங்கவைக்கும் இடங்களை மனையாக விற்ற ஊருக்கு, கார்த்திகையில் நீர் பகையாகும். சித்திரையில் அதுவே கிடைக்காத பொருளாகும்.

இவ்வளவும் எண்ணிய நான், அன்று செய்தது என்ன? தேநீர் குடித்துவிட்டுப் பேருந்துக்காக அந்த மனையைக் கடந்து திரும்பினோம். அங்கே இன்னொரு குடும்பம் வந்து நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர், அவர் மனைவி, தோளில் உறங்கும் கைக்குழந்தை. விற்பவரின் ஆள் அவர்களுக்கு எல்லைக் கற்களைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த இளைஞர் என்னைக் கண்டதும் மரியாதையாக, "நீங்களும் பார்த்தீர்களா ஐயா? இடம் எப்படி?" என்று கேட்டார். விற்பவரின் ஆள் என் முகத்தையே பார்த்தார். நான், "நன்றாகப் பார்த்து வாங்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

பொருளின் குறையை மறைத்து விற்பது கூடாது என்பதும், குறை தெரியவந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்பதும் பலரும் அறிந்த சட்டங்கள். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் ஒருவர் அந்தக் குறையை அறிந்திருந்தால், வாங்குபவரிடம் அதைச் சொல்வது அவர்மீதும் கடமை. இந்த மஸ்அலாவை நான் எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி விளக்கியிருப்பேன்! அன்று அந்த மூன்றாம் மனிதன் நானாக இருந்தேன். சொல்ல வேண்டிய சொற்கள் இரண்டே: 'நீர் தங்கும்.' ஒருவர் வியாபாரத்தைக் கெடுப்பானேன் என்ற கூச்சமும், நமக்கென்ன என்ற சோம்பலும் என் நாவைக் கட்டிவிட்டன. பேருந்தில் மகன் கேட்டான்: "நாம் வாங்கவில்லை என்றால் அவர்கள் வாங்குவார்கள், இல்லையா வாப்பா?" நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் வாங்கவில்லை. மனைவியின் நகை அவளிடமே இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 3, 4ஆம் நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்தபடி கொட்டித் தீர்த்தது. கடல் கொந்தளித்து ஆற்றுநீரை ஏற்க மறுத்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாட்கணக்கில் நீர் வடியவில்லை. நூறு வருடத்துக்கு ஒரு தடவை என்றார் அவர். எட்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. நீர் இறங்கத் தொடங்கியதும் மகன் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவந்தான். மனையில் அஸ்திவாரம் எழுந்திருந்ததாம். அதன்மேல் முழங்கால் அளவு நீர் நின்றதாம். அது யாருடையது என்று விசாரிக்க அங்கே ஆள் இல்லை. அந்தக் கைக்குழந்தையின் முகம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

சென்னையாரைப் பார்த்து எங்கள் ஊரார் தலையாட்டி முடிப்பதற்குள் எங்கள் முறை வந்தது. டிசம்பர் 17, 18இல் தாமிரபரணிக் கரையெங்கும் வானம் உடைந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அப்பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகம். ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவுகளாயின. தூத்துக்குடித் தெருக்களில் படகு ஓடியது. அத்தனை மழைக்கு எந்த ஊரும் தாங்காது என்பது உண்மை. ஆயினும் நீர் வடியாமல் நின்ற இடங்களை நான் சுற்றி வந்து பார்த்தபோது, அவற்றில் பல குளமாக, ஓடையாக, தருவையாக என் இளமையில் நான் கண்ட இடங்கள். அவற்றைத் தூர்த்தபோது நாங்களும் வாய் திறக்கவில்லை. தலைநகரில் நான் காத்த மௌனத்தை ஊரிலும் காத்திருந்தேன்.

புனித மக்காவும் மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கே. ஹிஜ்ரி 17இல் பெருவெள்ளம் ஹரமுக்குள் புகுந்து மகாமு இப்றாஹீமைப் பெயர்த்துச் சென்றது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து விரைந்து வந்து, அதை உரிய இடத்தில் நிறுத்தியதோடு, மேட்டில் அணை எழுப்பி வெள்ளத்தை வேறு வழியில் திருப்பினார்கள். அல்லாஹ்வின் வீடு ஆயிற்றே, தண்ணீர் வராது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. பிற்காலத்தில் 1941லும் கஃபாவைச் சூழ்ந்து வெள்ளம் நின்றது. நீருக்கு அதன் வழிதான் தெரியும். நம் தகுதி தெரியாது.

ஆகவே, அன்று ஓர் இளைஞரிடம் சொல்லத் தவறியதை இன்று எல்லாரிடமும் சொல்கிறேன். தலைநகரில் மனை தேடும் நம் பிள்ளைகள் மாசியிலும் சித்திரையிலும் போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கார்த்திகை மழையில் ஒருமுறை போய் நில்லுங்கள். ஊரின் பெயரைக் கேளுங்கள். கொட்டிய மண்ணுக்கு அடியில் என்ன மண் என்று பாருங்கள். பக்கத்துச் சுவரின் கோட்டைப் பாருங்கள். 2015இலும் 2023இலும் நீர் எவ்வளவு ஏறியது என்று விற்பவரிடம் கேட்காமல் எதிர்வீட்டு மூதாட்டியிடம் கேளுங்கள். ஒவ்வொரு மஹல்லாவின் ஜமாஅத்தும் தன் தெருக்களில் நீர் நின்ற உயரத்தைப் பள்ளிவாசலின் பதிவேட்டில் எழுதி வைத்தால், கேட்டு வருகிறவர் எம்மதத்தவராயினும் காட்டலாம். அதற்குப் பணம் வேண்டாம். வாய் திறக்கும் துணிவு மட்டும் போதும்.

மகன் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறான். ஆனால் மாடியில். 'மேட்டில் இடம் வாங்க வழி சொல்லுங்கள்' என்ற அவன் கேள்விக்கு என்னிடம் இன்றும் விடை இல்லை. அந்த இளைஞரை மீண்டும் காண நேர்ந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். காண நேராவிட்டால், அந்த இரண்டு சொற்களை அவருக்காக எழுதிவிட்டேன் என்று என் இறைவனிடம் சொல்வேன். அவன் அதனை ஏற்றுக்கொள்வானாக.